தரங்கம்பாடி வெள்ளிக்காசு

மாசிலாமணி ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். வயது அறுபத்து மூன்று. அவருக்குப் பழங்காசு பார்க்கக் கற்றுக்கொடுத்த ஜெனோவாவுக்கு வயது நாற்பத்தொன்று. திருச்சி கடைவீதியில், ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே, ஜெனோவா காசுக் கடை வைத்திருந்தார். தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவரை மாசிலாமணி 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடந்தது. இருவரும் போனார்கள். காரைக்கால் வியாபாரி ஒருவரின் மேசையில், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த வெள்ளிக்காசு ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் கிரீடம், அதன்கீழ் அரசர் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிய முத்திரை.

மாசிலாமணிக்கு உடனே நாகர்கோவில் அருமைநாயகத்தின் நினைவு வந்தது. முப்பது வருடச் சிநேகிதர். இந்தக் காசுக்காகத் தவம் கிடப்பவர். அவரிடம் ஒரு திருவிதாங்கூர் காசு இருந்தது. அதற்காக மாசிலாமணி தவம் கிடந்தார்.

காசைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"கிரீடத்து முனை மழுங்கிப்போச்சு. விளிம்புல வெட்டு. அச்சு வேற ஒரு பக்கமா ஒதுங்கி விழுந்திருக்கு. நடுத்தரம்னு சொல்றதே அதிகம்" என்றார்.

வியாபாரி விலையில் இறங்கி வந்தார். ஜெனோவா காசை வாங்கி லென்ஸ் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார்.

"அசல்தான் ஐயா" என்றார்.

மாசிலாமணி வாங்கிவிட்டார்.

அன்றைக்கே அருமைநாயகத்துக்கு எழுதிப் போட்டார். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"சந்தோஷம் அண்ணாச்சி. தரச்சான்று மட்டும் வாங்கிருங்க."

காசுகளைத் தரம் பார்த்துச் சொல்வதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே காசு யாருடையது என்று தெரியாத மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். பிறகு தரம் எழுதி, கண்ணாடி போன்ற பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மாசிலாமணிக்கு இது தெரியும். ஆனால் சிநேகிதர் அதைக் கேட்டதுதான் நெஞ்சில் தைத்தது. சரி என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கடைப் படியேறினார்.

"முப்பது வருஷம், டீச்சர். என் வார்த்தை போதலையாம்."

"அவருக்கு என்ன எழுதினீங்க?"

"உள்ளதைத்தான் எழுதினேன். கிரீடம் இன்னும் எடுப்பா இருக்கு. விளிம்புல இருக்கிறது வெட்டே இல்லை, அடிக்கும்போதே விழுந்த பள்ளம். அச்சு ஒதுங்கினது அந்தக் காலத்து லட்சணம். அதுதான் அழகே. அதிகம் கைபடாத காசுன்னு எழுதினேன்."



"காரைக்கால்காரர்கிட்ட என்ன சொன்னீங்க ஐயா?" என்றார் ஜெனோவா.

 

"அது பேரம்" என்றார் மாசிலாமணி.

"பொய்யா?"

அவர் யோசித்தார்.  "பொய் இல்லை. அன்னைக்கு அப்படித்தான் தெரிஞ்சது."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இப்படித்தான் தெரியுது."

கீழே யாரோ நோட்டுக் கட்டுகளை இறக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்க கண்ணை அவர் நம்புவார்" என்றார் மாசிலாமணி.

ஜெனோவா இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "என் காசுகளையும் இங்கதான் அனுப்புறேன்."

"உங்க கண்ணுக்கே சான்றா?"

"என் கண்ணுக்குத்தான்."

மாசிலாமணி அங்கேயே உட்கார்ந்து நிரப்பினார்.

பங்குனியில் காசு திரும்பி வந்தது. கடையில் வைத்தே உறையைப் பிரித்தார். அசல் என்று எழுதியிருந்தது. தர எண் கொடுக்கவில்லை. முன்பு எப்போதோ தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்ட காசு என்று ஒரு வரி இருந்தது. அப்படித் தேய்த்த காசுக்கு மதிப்புக் குறைவு, தர எண்ணும் கிடையாது.

அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நீங்க பத்து நிமிஷம் பார்த்தீங்களே, டீச்சர்."

ஜெனோவா பெட்டியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இருக்கு. மயிரிழை மாதிரிக் கோடு, எல்லாம் ஒரே வாக்குல. எனக்குத் தெரியாம போச்சு."

"உங்களுக்கா?"

"அசலா இருக்கணும், ஐயாவுக்குக் கிடைக்கணும்னு நினைச்சுக்கிட்டே பார்த்தேன்."

அவர் குரலில் வருத்தமோ சமாதானமோ இல்லை. மாசிலாமணி அங்கிருந்தே நாகர்கோவிலுக்குப் போன் போட்டார். சான்றில் இருந்ததை ஓரெழுத்து விடாமல் படித்தார். கண்காட்சியில் தான் சொன்னதையும், கடிதத்தில் எழுதியதையும் மறைக்காமல் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்து அருமைநாயகம் பேசினார்.

"என் காசையும் அனுப்பியிருந்தேன், அண்ணாச்சி. நேத்துதான் வந்துச்சு. நான் நினைச்சதைவிட ரெண்டு படி கீழ. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தேன்."

"அப்ப மாத்திக்கலாமா?"

"மாத்தாம?"

மாசிலாமணி சிரித்துவிட்டார். இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. காசைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"டீச்சர், அங்க இருக்கிறவங்களும் மனுஷங்கதானே. தப்பு பண்ண மாட்டாங்களா?"

"பண்ணுவாங்க."

"அப்புறம் எதை நம்பி அனுப்புறது?"

"வாங்குறப்ப நீங்க தரத்தைக் குறைச்சீங்க. வாங்கினப்புறம் கூட்டினீங்க. நான் கோட்டைப் பார்க்காம விட்டேன். மூணும் உங்க பக்கமா சாய்ஞ்ச தப்பு. அவங்க தப்பு பண்ணும்போது, எந்தப் பக்கம் சாயணும்னு அவங்களுக்குத் தெரியாது ஐயா."