சாமிக்கென்று வளர்த்த தட்டைப்பயறு

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பழனாத்தாவுக்குப் பயம்.

படியேறும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "சாமி, பயறு கருகுது." பழியைப் பயற்றின் தலையில் போடுவது போல் இருந்தது. "சாமி, நான்தான் கருக்கிட்டேன்." அப்படிச் சொல்லப்போய், இங்கே அண்டியிருந்தது போதும், மூட்டையைக் கட்டு என்று சாமி சொல்லிவிட்டால்?

மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. முன்னால் வைக்கும் கால் தனக்கே தெரியவில்லை. யாரோ காணும் கனவுக்குள் தான் நடந்து போவதாகத் தோன்றியது.

பட்டறைச்சாமி பாறைமேல் உட்கார்ந்திருந்தார். காவி கட்டுவதற்கு முன்னால் கோயம்புத்தூரில் நிக்கல் முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை போய்விட்டது, பெயர் போகவில்லை. கைகளும் அப்படியே இருந்தன. நிக்கல் தின்று, தோல் தடித்து, பாளம் பாளமாக வெடித்த கைகள். இன்றைக்கும் ஒரு சாவிக்கொத்தைத் தொட்டால் ராத்திரி முழுக்கச் சொறிவார்.

"சொல்லுங்க அம்மிணி."

"பயறு கருகுதுங்க சாமி. இலை நுனி மட்டும். நெருப்புல காட்டி எடுத்த மாதிரி."

"தண்ணி?"

"மழைத்தண்ணிங்க. துணி கட்டி வடிச்சது."

"மண்ணு?"

"மண்ணே இல்லீங்க. வெள்ளை மணலு. எலுமிச்சஞ்சாத்துல ஊறப்போட்டு, தெளியத் தெளிய அலசி, பிளாஸ்டிக் தொட்டியில கொட்டியிருக்கறேன். இரும்பு, எவர்சில்வரு ஒண்ணும் அண்ட விடலீங்க."

சாமி சிரித்தார். "என்னைப் பெத்தவகூட என்னை இப்படிக் குளிப்பாட்டுனதில்லை."

"சிரிக்காதீங்க சாமி."

"சாப்பாடு?"

"யூரியா கரைச்சு ஊத்தறேன். சத்து உப்பு எல்லாம் சுத்தமானதாப் பாத்து வாங்கிப் போடறேன். கருகுனா இன்னும் கொஞ்சம் யூரியா."

"அப்பறம்?"

"இன்னும் கருகுது."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பயறு வகையில் நிக்கல் இருக்கிறது, இந்தக் கைக்கு அது ஆகாது என்று அடிவாரத்து டாக்டர் சொன்ன அன்றிலிருந்து, சாமி தட்டைப்பயற்றுக் கஞ்சியைத் தொடவில்லை. அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். பார்த்துக்கொண்டிருக்கப் பழனாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. நிக்கல் இல்லாத பயறு ஒன்றை வளர்த்துக் காட்டுகிறேன் என்று இறங்கினாள். பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த வித்து, வேறெங்கும் கிடைக்காது.

முதல் போகம் நன்றாகத்தான் வந்தது. சாமி இரண்டு வாய் கஞ்சி குடித்தார். கை அரிக்கவில்லை. அவள் கோயிலுக்குப் போய் விளக்கேற்றினாள்.

அந்தப் போகத்தில் விளைந்த வித்தைப் போட்டாள். கொடி சோர்ந்தே நின்றது. அதன் வித்தைப் போட்டாள். பாதி முளைக்கவில்லை, முளைத்ததும் கருகுகிறது. இனி மிச்சம், முந்தானையில் முடிந்திருக்கும் ஒரு பிடி.

"இதுவும் போயிட்டா அந்த வமுசமே போச்சுங்க சாமி. மொதப் போகம் மட்டும் எப்படிங்க நல்லா வந்துச்சு? அப்பவும் இதே மணலு, இதே தண்ணி."

"வித்துக்கு அதோட ஆத்தாக்காரி மடியில கட்டி அனுப்புன சோறு. அது இருந்த வரைக்கும் ஓடுச்சு."

"என்னத்தைங்க கட்டி அனுப்புனா?"

சாமி தன் கையைத் திருப்பி, வெடித்த உள்ளங்கையைக் காட்டினார்.

பழனாத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். "நிக்கலையா? அது விசமுங்களே! பட்டறைத் தண்ணி விட்ட குழியில புல்லுகூட முளைக்கலீன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அப்பறம்?"

சாமி எழுந்து நடந்தார். மேகம் அவரை இடுப்புவரை விழுங்கியிருந்தது. மிதந்து போகிறவர் போல, பாறைக்குப் பின்னால் அவள் வைத்திருந்த தொட்டிகளுக்கு நடுவே போனார். வழியில் ஆடு மிதித்த மண்ணை வெறுங்கையால் ஒரு பிடி அள்ளினார். அலசிய வெள்ளை மணலில் அதைக் கொட்டினார்.

"சாமி! அதுல நிக்கல் இருக்குமே!"

"இருக்கும். நீங்க ஊத்தற யூரியாவ உடைச்சுக் குடுக்கற கை ஒண்ணு இலைக்குள்ள இருக்குது. அந்தக் கைக்கு அந்த நிக்கல்ல ஒரு பொட்டு வேணும். இல்லீன்னா தின்ன சோறு சோறாவே நுனியில போயி நிக்கும். நின்னு எரிக்கும்."

"உங்களுக்கு ஆகாதுங்களே சாமி."

"எனக்கு ஆகாது."

அவர் மண் ஒட்டிய கையை மெல்லச் சொறிந்தார்.

"அம்மிணி, இந்தத் தொட்டியில நட்டது பயறையா, என் கையையா?"

பழனாத்தா குனிந்து, கருகிய ஓர் இலை நுனியைத் தொட்டாள்.

"எத்தனை நிக்கலு போடோணுமுங்க?"

"கண்ணுக்குத் தெரிஞ்சா அதிகம்."

"அப்ப, போட்டனா இல்லையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

சாமி அவளைப் பார்த்தார். பிறகு மேகத்துக்குள் போய்விட்டார்.

அவள் தொட்டியருகே நின்றாள். சாமி போட்ட மண்ணில் கல் இருக்குமோ, புழு இருக்குமோ, கண்ணுக்குத் தெரிகிற அளவாகிவிட்டதோ? கை தன்பாட்டில் சல்லடையை எடுத்து, அந்த மண்ணைக் கிளறி எடுத்துச் சலிக்கத் தொடங்கியது. பாதி சலித்த பிறகுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். மறுபடியும் சுத்தம் பண்ணத்தான் கிளம்பியிருந்தது அது.

கீழே ஆட்டுமணி கேட்டது. எதை எங்கே வைத்தோம் என்றே தெரியாத பொம்மி, ஆடுகளைத் திட்டிக்கொண்டு சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டைச் சுற்றி எது விழுந்தாலும் முளைக்கும்.

பழனாத்தா ஓடினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தக் கடைசிப் பிடி வித்தைப் பொம்மியின் மடியில் கொட்டினாள். சல்லடையையும் அவள் கையில் திணித்தாள்.

"என்னக்கா இது! உசுரு மாதிரி பொத்திப் பொத்தி வெச்சிருந்தியே?"

"அதுக்குத்தான்டி. கொண்டு போயி மண்ணுல போடு."

"எங்க போடட்டும்?"

"எங்கயோ போடு. எங்க போட்டேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிராதே."