இரண்டு துயரங்களின் படம்

ஐம்பத்துநான்கு வயதில் மனநல மருத்துவர் தில்லைநாயகம் மறுபடியும் மாணவரானார். ஆசிரியை பெர்பெத்துவா அவரைவிட எட்டு வயது இளையவர். ஸ்கேன் அறை டெக்னீஷியன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தில்லைநாயகமும் கூடச் சிரிப்பார். சிரிப்பு வராத நாளில் தலையை மட்டும் ஆட்டுவார்.

எதற்காக வந்தார் என்பது பெர்பெத்துவாவுக்கு மட்டுமே தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டிருந்தார்.

அவருடைய கிளினிக்குக்கு சுடலைமுத்து என்று ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். மூன்று வாரமாகக் குளிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற மகளின் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. மனச்சோர்வு என்று தில்லைநாயகம் மாத்திரை எழுதினார். மாத்திரை வேலை செய்தது. வேண்டியதற்கு மேலேயே செய்தது. ஐந்தாம் வாரம் சுடலைமுத்து தூக்கத்தை விட்டார், பாட ஆரம்பித்தார், எதிரே வந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார். ஆறாம் வாரம் தாமிரபரணியில் வெள்ளம் போன ஒரு காலையில், அக்கரை வரை நீந்திக் காட்டுகிறேன் என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது.

துயரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று கீழே மட்டும் இழுப்பது. மற்றது சில காலம் கீழே இழுத்து, சில காலம் தலைகால் தெரியாமல் மேலே தூக்குவது. கீழே கிடக்கும்போது இரண்டுக்கும் ஒரே முகம். முதல் வகைக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் இரண்டாம் வகைக்காரர்களில் சிலர் கட்டறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சுடலைமுத்து அப்படிப் போனவர்.

அந்த இரண்டையும் மூளையின் படத்தை வைத்துப் பிரித்தறிய முடியுமா என்பதுதான் பெர்பெத்துவாவின் ஆய்வு. ஸ்கேன் மிஷினின் குழாய்க்குள் படுத்திருப்பவருக்குச் சிரிக்கும் முகங்களையும் அழும் முகங்களையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். மூளைக்குள்ளே பாதாம்பருப்பு அளவுள்ள ஓர் இடத்தில் எந்த முகத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று படம் காட்டும். அதைப் பார்த்து அவர்களுடைய கம்ப்யூட்டர் பத்துக்கு ஏழு தடவை சரியாகச் சொன்னது. மீதி மூன்றை நினைத்தபடியே தில்லைநாயகம் வீட்டுக்குப் போவார்.

வாரம் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"அன்னிக்கு அவரைப் படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா, மேடம்?"

பெர்பெத்துவா பதில் சொன்னதில்லை. இன்னொரு படத்தை எடுத்து அவர் முன்னால் வைப்பார்.

தெரிந்திருக்கும் என்றால், தன்னிடம் மிஷின் இல்லாததுதான் குறை. தெரிந்திருக்காது என்றால், உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. எந்தப் பதில் வந்தாலும் தூங்கிவிடலாம் என்று தில்லைநாயகத்துக்குத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் கேட்கிறோமோ என்று நினைக்கும்போது தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் கேட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சண்முகவடிவு என்ற தையல்காரப் பெண்ணைப் படம் எடுக்க அழைத்துவந்தார்கள். இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது. அவள் கணவர் இசக்கிப்பாண்டி, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டி அவள் கழுத்தில் போட்டார். பிறகுதான் தாலிச் சங்கிலியைக் கழற்றினார். மெட்டி, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தில்லைநாயகம் அன்றைக்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"இது முடிய முக்கால் மணி நேரமாகும்," என்றார் பெர்பெத்துவா. "நீங்க வெளியே போய் அவரோட உட்காருங்க, டாக்டர்."

"என்ன கேட்கணும்?"

"ஒண்ணும் கேட்க வேண்டாம். அவர் பேசினா குறுக்கே பேசாதீங்க."

தில்லைநாயகம் போய் உட்கார்ந்தார். இசக்கிப்பாண்டி முதலில் காண்டீன் டீயைத் திட்டினார். பிறகு, மிஷின் சத்தத்தைக் கேட்டு, உள்ளே என்ன மாவு மில்லா ஓடுகிறது என்று கேட்டார். அப்புறம் மனைவியின் கதையை ஆரம்பித்தார். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று இரண்டு தரம் தில்லைநாயகத்தின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். பேச்சு சுற்றிச் சுற்றி எங்கெங்கோ போயிற்று.

"போன வருசம் தசராவுக்கு முன்னால அவளப் பாத்திருக்கணும் சார். நாலு நாள்ல அம்பது ஜாக்கெட் தச்சா. கண்ணே மூடல. போறவ வாறவளுக்கெல்லாம் சும்மாவே தச்சுக் குடுத்தா. ஒரே சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரி, தையல் மிசினோட உம் பொண்டாட்டிக்கும் கரண்டு கனெக்சன் குடுத்துட்டியாடேன்னு கேலி பண்ணுனா. நமக்கு நல்ல காலம் வந்துட்டுன்னுல்லா நெனச்சேன்."

தில்லைநாயகத்தால் அடக்க முடியவில்லை. "இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

இசக்கிப்பாண்டி அவரை விநோதமாகப் பார்த்தார். "நல்லா இருந்ததப் போயி ஆஸ்பத்திரியில யாராவது சொல்லுவாவளா, சார்?"

தில்லைநாயகம் எழுந்து உள்ளே போனார். மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இரண்டாவது வகை," என்றார்.

"படம் இன்னும் வரலையே."

"ஆமா. வரல."

பெர்பெத்துவா கேஸ் ஷீட்டை அவர் பக்கம் தள்ளினார். "அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்க. மாத்திரையை இன்னிக்கே மாத்திடலாம்."

ஐம்பது ஜாக்கெட் என்று எழுதினார். நாலு நாள் என்று எழுதினார். அத்தோடு கை நின்றுவிட்டது.

"சுடலைமுத்து வந்தப்போ அவர் சம்சாரமும் கூட வந்திருந்தாங்க, மேடம்."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெர்பெத்துவா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"ஆனித் தேரோட்டம் சமயத்துல இவங்க எப்படி இருந்தாங்க தெரியுமா சார்னு ஆரம்பிச்சாங்க. வெளியே இருபது பேர் காத்திருந்தாங்க. நல்லதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், கஷ்டத்தை மட்டும் சொல்லுங்கன்னு சொன்னேன். அந்தம்மா பேச்சை நிறுத்திட்டாங்க."

மிஷின் ஓய்ந்தது. திரையில் சண்முகவடிவின் மூளை ஒவ்வொரு அடுக்காகத் தெளிந்து வந்தது. தில்லைநாயகம் அதைப் பார்க்கவில்லை.

"படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா, மேடம்?"

பெர்பெத்துவா இந்தத் தடவை இன்னொரு படத்தை எடுக்கவில்லை.

"தெரிஞ்சிருக்கலாம்," என்றார். "அப்பவும் அந்தம்மா சொல்ல வந்ததைச் சொல்லாம வெளியேதான் உட்கார்ந்திருப்பாங்க."