காட்டுப்பன்றியும் சோளக்கதிரின் தாடியும்

மலையடிக் காட்டில் ஒரு நாவல் மரம். அதன் தாழ்ந்த பொந்தில் ஓர் அணில் இருந்தது. அதற்குப் பேறுகாலம். இன்றோ நாளையோ குட்டிகள் பிறந்துவிடும்.

காட்டோரத்து மக்காச்சோளக் கொல்லையில் கதிர்கள் முற்றிக் கிடந்தன. கதிர் நுனியில் தாடிபோல் தொங்கும் பட்டு நார்களை அணில் கவ்விக் கவ்வி வந்து பொந்தில் பரப்பியது.

கடைவாயில் சோளம் ஒழுகத் தின்றுகொண்டிருந்த காட்டுப்பன்றி அதைப் பார்த்துச் சிரித்தது.

“ஏ அணிலு! மணியை விட்டுட்டு முடியைப் பொறுக்கிட்டுப் போறியே, சவரக்கடை வைக்கப் போறியா?”

“என் பிள்ளைங்களுக்கு மெத்தை, அண்ணே! அதை மிதிக்காம விடுங்க. மருந்துக்கும் ஆகும்.”

“தாடி மருந்தா? நல்லா இருக்கு!”

பன்றி மிச்சக் கதிர்களையும் சாய்த்தது. தாடியை எல்லாம் சேற்றில் மிதித்துத் துவைத்தது. தண்ணீர் குடிக்கக்கூடச் சோம்பல்பட்டு, வெயிலில் புதரடியில் உருண்டு கிடந்தது.

மறுநாள் பன்றியின் அலறலில் காடே அதிர்ந்தது.

“ஐயோ! அம்மா!”

அணில் எட்டிப் பார்த்தது. “என்ன அண்ணே?”

“நீர்க்கடுப்பு, தாயி! சொட்டுச் சொட்டா நெருப்பாட்டம் போகுது. செத்துருவேன் போல!”

“எங்கம்மா இதுக்குச் சோளத் தாடியைத்தான் ஊறவெச்சுக் கொடுப்பா.”

“எல்லாத்தையும் நான்தானே சேத்துல மிதிச்சேன்! இனி எங்கே போவேன்?”

அணில் தன் பொந்தைத் திரும்பிப் பார்த்தது. மிச்சமிருந்த தாடி அங்கே மட்டும்தான். வயிற்றில் குட்டிகள் புரண்டன. வெறும் மரத்தில் பெற்றுப்போட்டால் பச்சை உடம்பில் சிராய் குத்துமே!

“சாமி, என் பிள்ளைங்களை நீ பார்த்துக்கோ” என்றது. மெத்தையைக் கலைத்துக் கொத்துக் கொத்தாய்க் கீழே போட்டது.

“பாறைக் குழியில தண்ணி வெயில்ல சூடாக் கிடக்கு. அதுல ஊறப் போடுங்க. நிறம் இறங்கினதும் குடிங்க. அவசரத்துல அள்ளித் தின்னுராதீங்க!”

பன்றி குடித்தது. பொழுது சாய்வதற்குள் கடுப்பு மெல்லத் தணிந்தது. அப்போதுதான் அண்ணாந்து பார்த்தது. வெறும் பொந்தின் வாசலில் அணில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வலி எடுத்துவிட்டது.

“தங்கச்சி! பிள்ளைங்க மெத்தையையா எனக்குக் கொடுத்தே? இரு, என் முடியைப் பிடுங்கித் தரேன்!”

“வேண்டாம்ணே! உங்க முடி முள்ளாட்டம் குத்தும்!” அந்த வலியிலும் அணிலுக்குச் சிரிப்பு வந்தது.

பன்றி ஓடையைத் தாண்டி ஓடியது. அக்கரை இலவமரத்தை முட்டி, வெடித்த காய்களை உதிர்த்தது. வாய்கொள்ளாப் பஞ்சோடு திரும்பி வந்தது. மூக்கெல்லாம் பஞ்சு! தும்மித் தும்மியே அதைப் பொந்துக்குள் தள்ளியது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ‘கீச், கீச்’ என்று சின்னக் குரல்கள் கேட்டன.

“நான் பிழைச்சது உன்னால, தங்கச்சி!” பன்றியின் கண் கலங்கியது.

“நன்றியை எனக்கு மட்டும் சொன்னா எப்படி? அந்தச் சோளத்துக்கும் சொல்லுங்க. அதைப் படைச்ச சாமிக்கும் சொல்லுங்க!”

அதன்பிறகு பன்றி எப்போது கதிரைத் தொட்டாலும், முதலில் தாடியை உருவிப் பாறையில் காயவைக்கும். யாருக்காவது வேண்டியிருக்குமே! பிறகு செடியின் முன் தலை தாழ்த்திவிட்டுத்தான் மணியில் வாய் வைக்கும்.

வயிற்றை நிறைக்கும் பயிரில் நாம் வீண் என்று மிதிப்பதே ஒருநாள் நம் நோவைத் தீர்க்கும் என்பதால், கிடைத்த எதையும் இகழாமல் நன்றியோடு காக்க வேண்டும்.