நடக்க மறுத்த மருதி

கோரையேரிக் காட்டில் மருதி என்றொரு நரிப்பெண் இருந்தாள். காட்டுப் பள்ளியில் மேல்வகுப்பு படித்தாள். அந்த வகுப்புக்கு வந்தால்தான் 'குற்றமும் நீதியும்' என்ற பாடம் நடத்துவார்கள். கீழ்வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாடத்துக்காக எப்போது எப்போது என்று காத்திருப்பார்கள். மருதிக்கு மட்டும் அந்தப் பாடமே வேண்டாம் என்றிருந்தது.

காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் அவளுடைய அப்பா சடையனைக் காட்டு நீதிமன்றம் ஆற்றின் அக்கரைக்குத் துரத்திவிட்டது. மயிலின் முட்டைகளைத் தின்றுவிட்டார் என்று வழக்கு. "நான் தின்னலை, நான் தின்னலை" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் ஆற்றில் இறங்கினார். நரி வேறு எப்படிச் சொல்லும் என்று எல்லோரும் சிரித்தார்கள். துரத்தப்பட்டவர் கரையேறித் திரும்பி வந்தால் செந்நாய்க் காவலர்கள் குதறிவிடுவார்கள். மருதி அன்றிலிருந்து அப்பாவைப் பார்க்கவில்லை.

பாடம் நடத்தியவர் நாரை வாத்தியார். நல்லவர்தான். ஆனால் நீதிமன்றம் என்ற பேச்சை எடுத்தாலே போதும், அவர் நிற்கிற ஒற்றைக் காலும் நடுங்கும்.

"பிள்ளைகளா, நம்ம காட்டு நீதிமன்றத்துல இதுவரைக்கும் ஒரு வழக்குகூட நிரூபணம் ஆகாம போனதில்லை. ஏன்னா நம்மகிட்ட ஒரு முறை இருக்கு" என்று ஆரம்பித்தார்.

முறை இதுதான். எங்காவது முட்டை காணாமல் போனால், முதலில் சந்தேகம் விழுந்த ஆளைப் பிடித்து வருவார்கள். நீதிமன்றச் சேவகர் உடும்பு முன்னால் நடப்பார். பிடிபட்டவர் அவர் பின்னால் நடக்க வேண்டும். இருவரும் கூட்டைச் சுற்றி வருவார்கள். இதற்கு 'இடம் காட்டும் நடை' என்று பெயர். குற்றம் செய்த இடத்தை மறுபடி கண்டால் குற்றவாளிக்கு மனசு உறுத்தும் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்தது. நடை முடிந்த பிறகு நீதிபதி கரடியார் குனிந்து மண்ணைப் பார்ப்பார். பிடிபட்டவரின் காலடி அங்கே இருந்தால் தீர்ப்பு. இல்லாமல் போனதே கிடையாது.

உங்களுக்கு இப்போதே சிரிப்பு வரும். அந்தக் காட்டில் யாருக்கும் வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கோணல் யார் கண்ணுக்கும் கோணலாகத் தெரியாது, அவ்வளவுதான்.

"இதுக்கு நல்ல உதாரணம், போன வருஷத்து மயில் முட்டை வழக்கு" என்றார் வாத்தியார். சொன்ன பிறகுதான் மருதி வகுப்பில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. சட்டென்று தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டார்.

மருதிக்குக் காது மடல் வரை சூடேறியது. அப்பா வீட்டில் இல்லை. பாடத்தில் இருக்கிறார்.

"சரி, இதை நடிச்சே பார்த்துடலாம்" என்றார் வாத்தியார், பேச்சை மாற்ற. "யானைக்குட்டி நீதிபதி. பன்றிக்குட்டி சேவகர். மருதி, நீ வந்து குற்றவாளியா நில்லு."

"நான் எதுக்கு?"

"நீதானேம்மா நரி."

"நான் நிக்க மாட்டேன்."

"விளையாட்டுக்குத்தானே!"

"விளையாட்டுக்கும் மாட்டேன், வாத்தியாரே. எங்கப்பாவை நிக்கவெச்ச இடத்துல நான் நிக்க மாட்டேன்."

முயல் தும்பன் மெதுவாக எழுந்தான். அவன் மருதியின் பக்கத்தில் உட்கார்கிறவன். "நான் நிக்கிறேன், வாத்தியாரே" என்றான்.

ஈர மண்ணில் கூழாங்கற்களை முட்டை மாதிரி வைத்தார்கள். பிறகு எடுத்து ஒளித்தார்கள். பன்றிக்குட்டி வயிற்றை முன்தள்ளி, உடும்பார் மாதிரியே முக்கி முனகிக்கொண்டு நடந்தது. தும்பன் பின்னால் தத்தித் தத்திப் போனான். யானைக்குட்டி துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்து பார்த்தது.

"முயல் காலடி தெளிவா இருக்கு! தும்பன்தான் முட்டையைத் தின்னான்! போ அக்கரைக்கு!"

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. தும்பனும் சிரித்தான். "அடப்பாவிகளா, நான் முட்டையை மோந்துகூடப் பார்த்ததில்லையே" என்றான்.

மருதி சிரிக்கவில்லை. அவள் அந்த மண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போ வாத்தியார் ஒருதடவை நடக்கட்டும்" என்றாள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். வாத்தியார் வெட்கப்பட்டுக்கொண்டே நடந்தார். மண்ணில் நாரைக் காலடி அச்சு அசலாக விழுந்தது.

"வாத்தியாரும் தின்னுட்டார்" என்றாள் மருதி. "யார் நடந்தாலும் அவங்க காலடி இருக்கத்தான் செய்யும். எங்கப்பா காலடியும் இப்படித்தான் வந்திருக்கு. அவரை நடக்கவெச்சது நீங்க. அப்புறம் நடந்துட்டான்னு பிடிச்சதும் நீங்க."

வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் அவருக்குக் கஷ்டமாகப் போயிற்று. "அதெல்லாம் பேசாதே, மருதி. பாடத்துல இருக்கறதை மட்டும் படி. பரீட்சையில அதைத்தான் கேப்பாங்க" என்றார்.

அந்த நேரத்தில் ஏரிக்கரையிலிருந்து ஆள்காட்டிக் குருவியின் கூச்சல் கேட்டது. தரையில் முட்டையிடும் பறவை அது. வெயில் ஏறினால் முட்டைகள் சூடேறிவிடுமே என்று ஏரிக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து அடைகாக்கும். அன்றும் அப்படி நனைத்துக்கொண்டு வந்து பார்த்தால் முட்டைகளைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் செந்நாய்க் காவலர்கள் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். "சடையன் மக எங்கே?"

"இவ காலையிலேருந்து இங்கேதான் இருக்கா" என்றான் தும்பன்.

"சாட்சி சொல்றதெல்லாம் நடைக்கு அப்புறம். வாத்தியாரே, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. மருதி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காவலர்களோடு போனாள். வகுப்புப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

ஏரிக்கரையில் கூட்டம் கூடிவிட்டது. நரி மகள் வருகிறாள் என்றதும் ஆளாளுக்கு வாய் திறந்தார்கள். "அப்பன் போன வழியில பொண்ணும் போறா" என்றது ஒரு காட்டுக்கோழி. ஆள்காட்டிக் குருவி அழுதுகொண்டிருந்தது. அதைப் பார்க்க மருதிக்கே பாவமாக இருந்தது. கூட்டைச் சுற்றி வழவழவென்று ஈரச் சேறு. உடும்பார் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"வா பொண்ணே. என் பின்னால நட. சீக்கிரம் முடிச்சிடலாம்."

மருதி புல்லின் ஓரம் வரை வந்தாள். சேறு தொடங்குகிற இடத்தில் நின்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நடக்க மாட்டேன்."

கரடியார் புருவத்தை உயர்த்தினார். அவர் முன்னால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "முறைப்படி நீ நடந்தே ஆக வேண்டும், பெண்ணே."

"நடந்தா நான் தின்னவளாயிடுவேன். அதனால நடக்க மாட்டேன்."

"நடக்க மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இன்றைக்கே அக்கரைக்குப் போக வேண்டியிருக்கும்."

மருதிக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அப்பா ஞாபகம் வந்தது. தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்று நம்பி, தலை நிமிர்ந்து நடந்தவர் அவர். அந்த நம்பிக்கையைத்தான் மண்ணில் பதித்துக்கொண்டு அவரைத் துரத்தினார்கள். நினைக்க நினைக்க அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதானது.

"அனுப்பறதுன்னா அனுப்புங்க, ஐயா. ஆனா என் கால் படாத இந்த மண்ணை முதல்ல ஒருதடவை குனிஞ்சு பாருங்க. அப்புறம் அனுப்புங்க."

"இழுத்துட்டுப் போகட்டுமா?" என்று ஒரு செந்நாய் பல்லைக் காட்டியது.

அப்போது தும்பன் தத்திவந்து மருதியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது, ஆனாலும் உட்கார்ந்தான். வகுப்பில் ஒரு முள்ளம்பன்றி உண்டு. அது அடுத்து வந்து முட்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. அதைத் தாண்டி வர எந்தச் செந்நாய்க்கும் ஆசையில்லை. பிறகு பன்றிக்குட்டி, பிறகு யானைக்குட்டி. மேல்வகுப்பு முழுவதும் சேற்றைச் சுற்றி வேலி போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் நாரை வாத்தியார் வந்தார். கரடியாரைப் பார்த்தார். மருதியைப் பார்த்தார். எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறவர் நீளக் கால்களை மடக்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். "ஐயா, இந்தப் பொண்ணு காலையிலேருந்து என் வகுப்புலதான் இருந்தா. நான் அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். குரல் நடுங்கியது, ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

உடும்பாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இதெல்லாம் என்ன கூத்து? நான் மட்டுமாவது ஒரு நடை போய் இடத்தைக் காட்டிட்டு வந்துடறேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்று சேற்றை நோக்கி ஓடினார்.

"நீங்களும் நில்லுங்க" என்றாள் மருதி. "யாரும் மிதிக்கக் கூடாது."

யானைக்குட்டி துதிக்கையைக் குறுக்கே நீட்டியது. உடும்பார் நின்றார்.

இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று கரடியார் நினைத்தார். இருந்த இடத்திலிருந்தே எட்டிக் குனிந்தார். "குருவியின் காலடி இருக்கிறது. அப்புறம் நகம் பதிந்த தடம். நடுவில் வால் இழுத்த கோடு. கோரைப்புதரிலிருந்து கூடு வரைக்கும் வந்து, திரும்பிப் போயிருக்கிறது. இது நம்ம உடும்பாருடையது. எல்லா வழக்கிலும் இருப்பதுதானே" என்றார்.

ஆமாம் ஆமாம் என்று கூட்டமும் தலையாட்டியது.

"எல்லா வழக்குலயும் அவர் நடந்தப்புறம் நீங்க குனிஞ்சு பார்ப்பீங்க" என்றாள் மருதி. "இன்னைக்கு அவர் இன்னும் நடக்கவே இல்லையே, ஐயா."

கரடியார் குனிந்தது குனிந்தபடி இருந்தார். அழுதுகொண்டிருந்த குருவி அழுகையை நிறுத்தியது. எல்லாத் தலைகளும் மெதுவாக உடும்பின் பக்கம் திரும்பின.

அடுத்த கணம் ஒரே கூச்சல். "பிடி அவனை! துரத்து அக்கரைக்கு!" இத்தனை நேரம் மருதியைத் துரத்தச் சொன்ன அதே வாய்கள்தான். காட்டுக்கோழியின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. செந்நாய்கள் உடும்பின் கழுத்தைக் கவ்வின. கரடியார் தீர்ப்புச் சொல்லக் கையைத் தூக்கிவிட்டார்.

மருதி எழுந்து குறுக்கே போய் நின்றாள். "அவரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க."

"திருடனிடம் என்ன கேள்வி?"

"எங்கப்பாவுக்கும் இதையேதான் சொன்னீங்க."

கரடியாரின் கை கீழே இறங்கியது. செந்நாய்கள் பிடியை விட்டன. உடும்பு முதலில் என்னென்னவோ உளறியது. நேற்றே இந்தப் பக்கம் வந்தேன், காற்று வாங்க வந்தேன் என்றது. "நேத்தா? நேத்து ராத்திரி மழையில எல்லாத் தடமும் அழிஞ்சு போச்சே" என்றது குருவி. உடும்பு வாயை மூடிக்கொண்டது. பிறகு தலை தொங்கியது.

"நான்தான் தின்னேன். மயில் முட்டையும் நான்தான்" என்றது. "இத்தனை வருஷமா என்னை யாருமே கேக்கலையே."

கூட்டத்திலிருந்த மயில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றே உடும்பின் சேவகர் பதவி போயிற்று. இனிக் குருவி மறுபடி முட்டையிட்டுத் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம், யானைக்குட்டி பார்த்துக்கொண்டிருக்க, உடும்பு அந்தக் கூட்டுக்குக் காவல் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கரடியார் உடம்பை உதறிக்கொண்டு எழுந்தார். "நல்லது, வழக்கு முடிந்தது. நீ வகுப்புக்குப் போகலாம், பெண்ணே."

மருதி மறுபடியும் உட்கார்ந்தாள்.

"இன்னும் என்ன?"

"எங்கப்பா?"

"முடிந்த வழக்கைத் திறந்து பார்க்க நம்மிடம் முறை இல்லை."

"அப்போ நான் இங்கேயிருந்து எழுந்து போகவும் முறை இல்லை."

தும்பன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முள்ளம்பன்றியும் உட்கார்ந்தது. வாத்தியார் இந்தத் தடவை தயங்கவே இல்லை. கொஞ்சம் பொறுத்து மயிலும் தோகையை ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. வெயில் ஏறியது. கரடியாருக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. யாரும் அசையவில்லை.

கடைசியில் அவர் எழுந்து, யாரையும் ஏவாமல் தாமே ஆற்றங்கரைக்கு நடந்தார். கூட்டம் பின்னால் போனது. "சடையா!" என்று அக்கரையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அக்கரை நாணலில் ஒரு நரி எழுந்து நின்றது. இளைத்துப் போயிருந்தது. கரடியாரைக் கண்டதும் காதுகள் பின்னால் படிந்தன.

"மறுபடியும் எங்கே நடக்கணும், ஐயா?" என்று கேட்டது.

கரடியார் தலை குனிந்தார். "வீட்டுக்கு" என்றார்.

மருதி அதற்குள் ஆற்றில் குதித்துவிட்டாள்.

ஆளை முதலில் பிடித்துவிட்டுச் சான்றைப் பிறகு தேடுகிற முறை எவ்வளவு பழையதானாலும் அநியாயமே; அதன்படி நடக்க மறுக்கிறவர்தான் நீதியைக் காப்பாற்றுகிறார்.