வால் வெட்டிய இங்கிலீஷ்

கொன்றையூர் ராஜா திருமலைக்கொழுந்துக்கு நாற்பத்தெட்டாவது வயதில் இங்கிலீஷ் பித்துப் பிடித்தது. காரணம் இருந்தது. சந்தனமலை யாருக்குச் சொந்தம், ராஜாவுக்கா, வெள்ளைக்காரக் கும்பினிக்கா என்று முடிவுசெய்ய ஹாப்வுட் துரை வரப்போகிறார். துரையை அவர் பாஷையிலேயே குளிப்பாட்டிவிட வேண்டும் என்பது ராஜாவின் திட்டம்.

பாடம் சொல்லிக்கொடுத்தவர், அரண்மனையில் துரைமார் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி சவரிமுத்து.

"மகாராஜா, 'யூ ஸ்மெல் லைக் எ ரோஸ்' என்று சொல்லுங்கள். ரோஜாப்பூ மாதிரி மணக்கிறீர்கள் என்று அர்த்தம். துரை குளிர்ந்துபோவார்."

"ஸ்மெல் என்றால் மோந்து பார்ப்பது என்றல்லவா நேற்றுச் சொன்னாய்?"

"மோந்தாலும் ஸ்மெல், மணத்தாலும் ஸ்மெல், நாறினாலும் ஸ்மெல்தான்."

"என்னய்யா பாஷை இது? மூக்குக்கும் அக்குளுக்கும் ஒரே வார்த்தையா!"

திவான் ரங்கோஜி ராவ் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். துபாஷி வேலையில் தன் மருமகனை உட்காரவைக்க வேண்டுமென்று வெகுநாள் ஆசை. சவரிமுத்து அந்தப் பக்கம் போனதும் ராஜாவின் காதருகே வந்தார்.

"நீளமாகப் பேசுவது சேவகர்கள் வழக்கம், மகாராஜா. ராஜாக்கள் சுருக்கமாகத்தான் பேசுவார்கள். வாலை வெட்டிவிடுங்கள். 'யூ ஸ்மெல்' போதும்."

ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மனப்பாடம் செய்வதும் மிச்சம்!

துரை வந்தார். சித்திரை வெயிலில் ஐந்து நாள் குதிரைப் பயணம், மேலே கம்பளிக் கோட்டு. வாசல் காவலர்கள் சலாம் போட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ராஜா எழுந்தார். மீசையைத் தடவினார். சபை அதிரச் சொன்னார்:

"யூ ஸ்மெல்!"

துரையின் முகம் மிளகாய்ப்பழமாயிற்று. ராஜா இன்னும் சிரித்தபடி நின்றார். திவான் பாய்ந்து முன்னால் வந்து, "மன்னிக்க வேண்டும் துரை! நீங்கள் நாறுகிறீர்கள் என்கிறார். எல்லாம் இந்தத் துபாஷி சொல்லிக்கொடுத்தது" என்று இங்கிலீஷில் படபடவென்று கொட்டினார்.

துரை தொப்பியை எடுத்துவிட்டார். அவரோடு சந்தனமலையும் கிளம்பிவிடும் போலிருந்தது.

சவரிமுத்துவின் கை சும்மா இருக்கவில்லை. தாம்பாளத்திலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துப்போய்த் துரையின் மூக்குக்கு நேரே நீட்டியது.

"துரை, அது குற்றச்சாட்டு அல்ல, உபசாரம். 'யூ, ஸ்மெல்!' அதாவது, 'நீங்கள் மோந்து பாருங்கள்!' எங்கள் மலைச் சந்தனம். வந்த விருந்தாளியைத்தான் முதலில் மோந்து பார்க்கச் சொல்வார் எங்கள் ராஜா."

துரை சந்தேகத்தோடு மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். முகத்தின் சிவப்பு இறங்கியது. ஐந்து நாளாகத் தன் கோட்டை மட்டுமே மோந்துகொண்டு வந்தவருக்கு அந்தச் சந்தனம் சொர்க்கமாயிருந்தது.

"அருமை! ஆனால் இவ்வளவு சுருக்கமாகப் பேச யார் கற்றுக்கொடுத்தது?" என்று ராஜாவைக் கேட்டார்.

ராஜா பெருமையோடு கையைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக்காட்டி, "திவான் கட் டெய்ல்!" என்றார்.

துரை திவானை மேலும் கீழும் பார்த்தார். மலை ராஜாவுக்கே என்று கையெழுத்துப் போட்டார். போகும்போது சவரிமுத்துவிடம் ஏதோ சொல்லிக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

"என்ன சொன்னார்?" என்றார் ராஜா.

"'ஐ ஸ்மெல் எ ராட்' என்றார். எனக்கு எலி வாடை அடிக்கிறது என்று அர்த்தம்."

"ஐயையோ! என் சபையில் எலியா? மானம் போச்சே! பிடியுங்கள்!"

பேச்சு வேறு பக்கம் திரும்பியதில் திவானுக்கு ஏக சந்தோஷம். "நானே பிடிக்கிறேன், மகாராஜா!" என்று மண்டியிட்டு, சிம்மாசனத்துக்கு அடியில் தலையை நுழைத்துத் தேட ஆரம்பித்தார்.

சவரிமுத்து ராஜாவின் பக்கம் குனிந்தார். "நிஜ எலி இல்லை, மகாராஜா. கூட இருந்தே எவனோ குழி பறிக்கிறான் என்று பட்டால் வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். துரைக்குப் பட்டுவிட்டது."

ராஜா தன் கத்தரிக்கோல் விரல்களைப் பார்த்தார். பிறகு சிம்மாசனத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த திவானின் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் தொந்தி குலுங்க ஆரம்பித்தது.

"என்ன ராவ், எலி கிடைத்ததா?"

"இன்னும் இல்லை, மகாராஜா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எப்படிக் கிடைக்கும்?" என்றார் சவரிமுத்து. "எலியே போய்த் தேடினால்!"