முள்ளம்பன்றிக்குப் பின்னால் யார் ஓட்டுவது?

தாமரைக் குளத்துக் காட்டில் மிருகங்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் சங்கம் வைத்திருந்தன. மற்ற நாட்களில் அவரவர் வேலை அவரவருக்கு. மேய்வது, தோண்டுவது, கிளை தாவுவது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மட்டும் எல்லாரும் குளத்தங்கரைக்கு வந்துவிடுவார்கள். வெயில் சாய்வதற்குள் எத்தனை தூரம் போக முடியுமோ அத்தனை தூரம் போய்த் திரும்புவார்கள்.

பரிசு கிடையாது. கைதட்ட ஆளும் கிடையாது. வழியில் ஒரு ஆந்தை பாதித் தூக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்து, "எதுக்குடா இந்தப் பாடு?" என்று கேட்கும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் விடாமல் மறுபடி வந்து நிற்பார்கள்.

சங்கத் தலைவர் காட்டெருமை ராக்கியண்ணன். அவர் ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் முனகுவது அடுத்த காடு வரை கேட்கும். அவர் பேச்சில் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் ஒரு வாய் புல் மென்றுவிடலாம். அவருக்கு நேர் எதிர் மந்தி தெய்வாத்தாள். அவள் மூச்சு விடுவதற்குக்கூடப் பேச்சை நிறுத்த மாட்டாள். புள்ளிமான் மரகதம் எதைச் சொன்னாலும் "இல்ல… அது வந்து…" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவாள். கால் மட்டும் நிற்காது. நரி நஞ்சப்பன் மேடையில்லாத இடத்திலும் மேடைப் பேச்சுதான் பேசுவான்.

அவர்கள் ஒரே வரிசையில் ஓட்டுவார்கள். ஒருவருடைய பின்சக்கரத்தை ஒட்டி அடுத்தவருடைய முன்சக்கரம். முதலில் போகிறவர் காற்றை நெஞ்சில் வாங்குவார். பின்னால் இருப்பவர்களுக்கு மறைவு, பாதிப் பலத்தில் மிதித்தால் போதும். முதல் ஆள் களைத்ததும் முழங்கையை ஆட்டுவார். ஆட்டிவிட்டு ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வருவார். அடுத்தவர் முன்னால் போவார். இப்படி முறை மாற்றி மாற்றித்தான் தனியாகப் போக முடியாத தூரத்தை எல்லாம் அவர்கள் போனார்கள்.

இதில் சேராத ஒரே ஆள் முள்ளம்பன்றி சென்னியப்பன்.

அவன் பின்சக்கரத்தை ஒட்டி யார் ஓட்டுவது? மூச்சு வாங்கினால் அவன் முதுகு முள்ளெல்லாம் தானாக எழுந்து நிற்கும். அதனால் அவன் என்றைக்கும் கடைசி. முறை முடிந்து பின்னால் வருகிறவர்கள் அவனுக்கு முன்னால் புகுந்துகொள்வார்கள். அவன் ஒரு நாளும் முன்னால் போனதில்லை.

அவனுக்கு அந்தக் கடைசி இடம் போதும். காட்டில் எந்தக் கூட்டத்திலும் அவனைச் சுற்றி வட்டமாக இடம் விட்டுத்தான் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவன் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் இன்னொருவருடைய முதுகு இருக்கும். அந்த முதுகுக்காகவே அவன் வாரம் முழுக்கக் காத்திருந்தான்.

ஆனால் கடைசியில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும். நரி முன்னால் போக வேண்டிய முறை நெருங்கும் ஒவ்வொரு தடவையும் அவன் செயின் கழன்றுவிடும். "நீங்கள் தொடருங்கள், தோழர்களே" என்று ஒதுங்கி, பின்னால் வந்து சேர்ந்துகொள்வான்.

"நஞ்சண்ணா, செயின் நல்லாத்தானே இருக்குது?" என்று முள்ளம்பன்றி வெள்ளந்தியாகக் கேட்பான்.

நாலு வாரம் கேட்டான். ஐந்தாவது வாரம் நரி கூட்டம் கூட்டினான்.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்கத்தின் நலன் கருதி ஒன்றைக் கூற விழைகிறேன். நாம் அனைவரும் நெஞ்சில் காற்று வாங்குகிறோம். ஒருவர் மட்டும் என்றென்றும் நம் முதுகில் மறைந்து வருகிறார். முன்னால் வராதவருக்குச் சங்கத்தில் இடம் இல்லை என்று விதி செய்ய வேண்டும். இது தனிப்பட்ட யாரையும் குறித்தது அல்ல."

எல்லாரும் முள்ளம்பன்றியைப் பார்த்தார்கள்.

"யோவ் நஞ்சப்பா, நீ முன்னாடி வந்த மாதிரி பேசறியே," என்றாள் மந்தி.

"என் செயின் பழுதானது, அம்மணி. என் மனம் பழுதாகவில்லை."

காட்டெருமை நீண்ட நேரம் மென்றார். "விதின்னு… பார்த்தா… நாயமாத்தான் இருக்குது. சென்னியப்பா… வர்ற ஞாயித்துக்கிழமை கணவாய்ச் சுத்து. அதுல நீ ஒரு முறையாச்சும் முன்னால வந்துரு சாமி. இல்லீன்னா… நான் என்ன பண்ணட்டும்?"

"வர்றேனுங்ணா," என்றான் முள்ளம்பன்றி. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

கணவாய்ச் சுற்று என்றால் சும்மா இல்லை. குளத்தில் கிளம்பி, சமவெளி தாண்டி, மலை ஏறி, கணவாயைக் கடந்து, அந்தப் பக்கத்துப் பொட்டல் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் போவார்கள். போய் வந்த பிறகு ஒரு வாரம் யாரும் சரிவு, மேடு எதையும் பார்க்க விரும்ப மாட்டார்கள்.

ஞாயிறு காலை முள்ளம்பன்றியைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அவனுடைய ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு நெல்லிக்காய் குத்தியிருந்தது.

"இப்பக் குத்தாதுங்க," என்றான். "தைரியமாப் பின்னால வாங்க."

அவன் முன்னால் போனான். அவனுக்குப் பின்னால் மந்தி, அவளுக்குப் பின்னால் மான். கொஞ்ச தூரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. முதன்முதலாக நெஞ்சில் காற்று வாங்கிய முள்ளம்பன்றி, இதைப் போய் எல்லாரும் கஷ்டம் என்கிறார்களே என்று நினைத்துக்கொண்டான்.

பின்னால் "கறுக், கறுக்" என்று ஒரு சத்தம்.

"தெய்வாத்தாக்கா, என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லடா, நீ ரோட்டைப் பாரு."

"நெல்லிக்காய் திங்கறீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. சரி, ரெண்டு. மூக்குக்கு நேரா தொங்குது, நான் என்ன சாமியாரா?"

சமவெளி முடிவதற்குள் ஒரு காய் பாக்கியில்லை. முதல் மேட்டில் முள்ளம்பன்றிக்கு மூச்சு வாங்கியது, முள் எல்லாம் எழுந்தது. மந்தி அலறிக்கொண்டு ஒதுங்கினாள். பின்னால் வந்த மானின் முன்சக்கரம் நேராகப் போய் முள்ளில் ஏறியது. புஸ்ஸ்ஸ்.

"இல்ல… அது வந்து… பஞ்சர்," என்றாள் மான். அவள் முழுதாகப் பேசிமுடித்த முதல் வாக்கியம் அதுதான்.

நரி துக்கமாகத் தலையை ஆட்டினான். "முயற்சியைப் பாராட்டுகிறேன். ஆனால் இது முறை ஆகாது. பாதியில் கலைந்த முறை, முறையே அல்ல."

காட்டெருமை முள்ளம்பன்றியைப் பார்க்காமல் சொன்னார்: "கடைசிக்குப் போ சாமி. வீடு போய்… பேசிக்கலாம்."

மந்தி வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஞ்சரை ஒட்டினாள். அவள் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தார்கள்.

பிறகு மலை. மலையில் காற்று இல்லை, மறைவும் இல்லை. அவரவர் கால்தான். காட்டெருமை தன் உடம்பு முழுவதையும் ஒவ்வொரு மிதியாக மேலே தூக்கிக்கொண்டு போனார். வியர்வை ஓடையாக ஓடியது, கால் நிற்கவில்லை. மான் பறந்திருக்கலாம், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று கீழே பார்த்து, எல்லாரும் வருகிறார்களா என்று எண்ணிவிட்டுத்தான் மேலே போனாள். முள்ளம்பன்றியின் காலோ சாண் நீளம். மற்றவர்கள் ஒரு மிதி மிதிக்கும் இடத்தில் அவன் மூன்று மிதித்தான். இன்றோடு தன் இடம் போய்விடும் என்று தெரிந்தும் அவன் இறங்கித் தள்ளவில்லை. உச்சியில் அவனைப் பார்த்த காட்டெருமை தன் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

கணவாயைத் தாண்டினார்கள். தாண்டியதும் காற்று அடித்தது.

எதிர்க்காற்று அல்ல, அதைச் சமாளிக்க அவர்களுக்குத் தெரியும். இது இடது பக்கத்திலிருந்து வந்தது, மரம் மட்டை இல்லாத பொட்டலில். அவர்கள் எப்போதும் போல ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். முன்னால் காட்டெருமை. ஆனால் அவருக்கு நேர் பின்னால் மறைவே இல்லை. காற்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறைந்தது. காட்டெருமைக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. முழங்கையை ஆட்டினார். மான் முன்னால் போய், கொஞ்ச நேரத்தில் தள்ளாடித் திரும்பினாள். அடுத்தது நரி.

"அடடா, செயின்," என்றான் நரி.

யாரும் முன்னால் இல்லை. வரிசை அங்கேயே நின்றுவிடும் போல இருந்தது.

முள்ளம்பன்றி கடைசியிலிருந்து ஏறி வந்தான். எப்படியும் இன்றோடு சரி, போகிற போக்கில் இவர்களுக்கு ஒரு உதவி என்று நினைத்துக்கொண்டான். பாதையின் இடது ஓரத்தைப் பிடித்து முன்னால் போய், தலையைத் தாழ்த்தி மிதித்தான். மூச்சு வாங்கியது. முள் எல்லாம் விசிறியாக எழுந்தது.

மந்திக்கு அவன் பின்னால் போகப் பயம். போகாமல் இருக்கவும் முடியவில்லை. அப்போது ஒரு காற்று வந்து, எடையே இல்லாத அவளைச் சைக்கிளோடு தூக்கி வலது பக்கம் தள்ளியது. விழப்போகிறோம் என்று கண்ணை மூடினாள். விழவில்லை. கண்ணைத் திறந்தால், காற்றே இல்லை.

"ஏய். ஏய் ஏய் ஏய். இங்க வாங்க. இங்க காத்து அடிக்கல. இவன் முதுகு ஓலைத் தட்டி மாதிரி நிக்குதுடி மரகதம், நேர் பின்னாடி வராத, எனக்கு வலது பக்கமா வா, சாஞ்சு வா, சாஞ்சு வா."

காற்று பக்கத்திலிருந்து வந்ததால் மறைவும் பக்கத்தில்தான் விழுந்தது. மந்தி முள்ளம்பன்றிக்கு வலப்புறம் சற்றுப் பின்னால். மான் மந்திக்கு வலப்புறம் சற்றுப் பின்னால். அவளுக்கு அடுத்துக் காட்டெருமை. பறவைக் கூட்டத்தின் ஒரு பக்கத்துச் சிறகு போல வரிசை சாய்ந்தது. முள் நேர் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

"சென்னியப்பா," என்றார் காட்டெருமை, "நீ… செவுரு சாமி."

முள்ளம்பன்றி தன்னால் முடிந்த மட்டும் மிதித்தான். பிறகு முறை மாற்ற முழங்கையை ஆட்ட வேண்டும். அவன் அதை வாழ்க்கையில் ஆட்டியதே இல்லை. எந்தக் கை என்று தெரியாமல் இரண்டையும் ஆட்டினான். மந்தி சிரித்த சிரிப்பில் அவளுக்கே சைக்கிள் ஆடியது. சிரித்துக்கொண்டே முன்னால் போனாள். முறை சுற்றத் தொடங்கியது.

நரி மட்டும் பின்னால் இருந்தான். சாய்ந்த வரிசையில் பாதை காட்டெருமையோடு முடிந்துவிட்டது. அதற்கு வலது பக்கம் வெறும் சரளைக்கல்தான். மறைவில் அவனுக்கு இடமில்லை. முழுக் காற்றையும் தனியாக வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப் புள்ளியானான்.

முறை முடிந்து பின்னால் வந்த முள்ளம்பன்றி திரும்பிப் பார்த்தான். அவனைத் துரத்த விதி போட்ட ஆள். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும்.

"நீங்க போங்கண்ணா," என்று காட்டெருமையிடம் சொல்லிவிட்டு அவன் வேகத்தைக் குறைத்தான்.

நரி வந்து சேர்ந்தபோது நாக்கு தொங்கியது. மேடைப் பேச்சு எங்கோ வழியில் விழுந்துவிட்டது. "விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்டா," என்றான்.

"எனக்கு வலது பக்கமா ஒதுங்குங்க," என்றான் முள்ளம்பன்றி.

இருவராக ஓட்டினார்கள். நரிக்கு மூச்சு திரும்பியது. அப்போது முள்ளம்பன்றி முழங்கையை ஆட்டினான், இந்தத் தடவை சரியான கையை.

நரி குனிந்து செயினைப் பார்த்தான். செயின் இருந்தது. முன்னால் பார்த்தான், யாருமில்லை. பக்கத்தில் பார்த்தான், சாண் நீளக் கால் நடுங்கிக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தது. நரி இடது பக்கம் ஏறி, காற்றை நெஞ்சில் வாங்கினான். நன்றாகவே ஓட்டினான் என்பதுதான் வேடிக்கை.

குளத்தங்கரையில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். இருவரும் வந்து இறங்கியதும் காட்டெருமை எழுந்து நின்றார்.

"முன்னால வராதவங்களுக்குச் சங்கத்துல… இடமில்லைன்னு ஒரு விதி போட்டோம். சென்னியப்பன் வந்தான். எல்லாரும் பார்த்தோம். அவன் எடம்… இனி எவனும் பேசக்கூடாது." கொஞ்சம் மென்றார். "நஞ்சப்பன் வந்ததை… ஆருமே பார்க்கல."

நரி தலை குனிந்தான்.

"வந்தாருங்ணா," என்றான் முள்ளம்பன்றி. "நான் பார்த்தேன். ரொம்ப தூரம் வந்தாரு."

"அப்ப… அவன் எடமும் இருக்கட்டும்," என்று உட்கார்ந்தார் காட்டெருமை.

மந்தி நரியைப் பார்த்தாள், முள்ளம்பன்றியைப் பார்த்தாள். பிறகு தன் தண்ணீர்க் குப்பியை எடுத்துக்கொண்டு போய், முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில், வலப்புறமாக, ஒட்டி உட்கார்ந்தாள்.

ஒருவருக்கு நம் வரிசையில் இடமில்லை என்று தோன்றினால், அவரை விலக்குவதற்கு முன்னால் வரிசையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும்.