மூன்று ஊரும் ஒரு கை சோறும்

சொர்ணம் டீச்சர் தென்காசியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். வெளிநாட்டுக்கு வாலண்டியராகப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவரும் லாவோஸில், மேகோங் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், பல வருஷம் சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு நிறைந்துவிடும். சமையல் என் பொறுப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. டீச்சர் யாருக்கும் நேரடியாகப் பதில் சொல்லமாட்டார். கேட்டவர்தான் பாவம், திருதிருவென்று முழிப்பார்.

ஒரு சாரல் நாளில் தெய்வநாயகம் சார் வந்தார். கோவில்பட்டியில் கணக்கு வாத்தியாராக இருந்து அப்போதுதான் ரிட்டயர் ஆனவர். மனைவி தவறிவிட்டார். மகள் சென்னையில் இருக்கிறாள், எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தும் இவர் போகவில்லை. டீச்சரைவிட வயதில் மூத்தவர்தான். ஆனாலும் சிஷ்யன் மாதிரி அவர் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நனைந்த குடையைக் கொடுங்கள் என்று நான் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று மடியிலேயே வைத்துக்கொண்டார். வேட்டியெல்லாம் ஈரம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"வாலண்டியரா அனுப்புறவங்க மூணு இடம் சொல்லியிருக்காங்க டீச்சர்" என்றார். "மூணுமே ஒரு வருஷம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏதாவது ஒண்ணை போன்ல சொல்லியாகணும்."

"என்னென்ன இடம்?"

"நேபாளத்துல ஒரு மலைப் பள்ளிக்கூடம். தனி குவார்ட்டர்ஸ், நானே பொங்கித் தின்னுக்கலாம். கம்போடியாவுல வாலண்டியர்களுக்குன்னே ஹாஸ்டல் இருக்கு, மெஸ் இருக்கு. மூணாவது உங்க லாவோஸ். அங்கே ஏதோ ஒரு குடும்பத்தோட, அவங்க வீட்டுலயே தங்கணுமாம்."

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"நேபாளம்தான். யாருக்கும் தொந்தரவு இல்லை பாருங்க."

"அப்புறம் என்ன யோசனை சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்டுல நாலு சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார முடியலை டீச்சர். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த வாத்தியார் வேலை ஒண்ணுதான். தப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கேயும் போய்ச் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா, அதோட நான் முடிஞ்சேன்."

டீச்சர் எழுந்துகொண்டார். என்னைப் பார்த்து, "செண்பகம், இலையைப் போடு" என்றார்.

அன்றைக்கு வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். டீச்சர் கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, தானே பரிமாறினார். சார் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறியிருக்கிறார் என்பது அவர் சாப்பிட்ட வேகத்திலேயே தெரிந்தது. முதல் சோறு நொடியில் காலி. டீச்சர் மறுபடியும் சோற்றோடு வந்தார்.

சார் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, "போதும், போதும்" என்றார்.

நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? இன்னும் ரெண்டு கரண்டி போடு என்று அர்த்தம். டீச்சரோ, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, சோற்றுப் பானையை உள்ளே கொண்டுபோய் மூடியே வைத்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்கு வந்த மனுஷனை இப்படியா செய்வது! சார் வெறும் குழம்பை வழித்துக்கொண்டு, அப்பளத்தைத் துளித்துளியாக ஒடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர் இது, பாவம் அவரு…" என்று ஆரம்பித்தேன்.

"அவர்தானே போதும்னார்" என்றார் டீச்சர். சாருக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். புன்மி வீட்டுல நானும் இப்படித்தான் பட்டினி கிடந்தேன்."

"புன்மியா?"

"லாவோஸ்ல நான் தங்கின வீட்டுக்காரி. போறதுக்கு முன்னாடி எனக்கு அவங்க பாஷையில 'நன்றி', 'போதும்' ரெண்டும் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. போய் இறங்கின அன்னிக்கே சோத்துக் கூடையை நீட்டினா. நான் நம்ம வழக்கப்படி போதும்னேன். சரின்னு மூடிட்டா. மறுநாளும் அதே கதை. மரியாதையான பொம்பளை, போதும்னவளை எதுக்கு வற்புறுத்தணும்னு விட்டுட்டா."

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். குரல் தணிந்துபோயிற்று.

"அந்த வாசனை இருக்கே செண்பகம்! விடியக்காலையில ஆத்துப்பக்கமிருந்து பனி ஏறி வரும். வீட்டுக்கு வீடு மூங்கில் கூடையில, கையில உருட்டிச் சாப்பிடுற ஒட்டரிசி ஆவியில வேகும். படுத்த இடத்துலயே பசிக்கும். இங்கே வந்தப்புறம் எத்தனையோ அரிசியை வேகவச்சுப் பார்த்துட்டேன், அது வரலை. புன்மி இப்ப எப்படி இருக்காளோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் எப்படி?" என்று சார் கேட்டார்.

"அங்கேயும் அதே கூத்துதான். புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். போர்டுல எழுதச் சொன்னா ஒருத்தருக்கும் ஒண்ணும் வராது."

"அப்புறம்?"

"ஒருநாள் பசி தாங்கலை சார். புன்மி கூடையை மூடப்போனா. நான் அவ கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, என் வெறுங்கையை நீட்டிட்டேன். 'இன்னும் கொஞ்சம்'னு சொல்ல வார்த்தை தெரியாதே! அவ ஒரு நிமிஷம் முழிச்சா. அப்புறம் சிரிச்சா பாருங்க, விழுந்து விழுந்து சிரிச்சா. தெருவுல இருந்த எல்லாரையும் கூப்பிட்டு, டீச்சர் சோறு கேட்டுட்டாங்க, டீச்சர் சோறு கேட்டுட்டாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. பிள்ளைங்க எல்லாம் வாசல்ல வந்து நின்னு பார்த்துச்சுங்க. பெரிய உருண்டையா பிடிச்சு, மிளகாய்த் துவையல் தொட்டுக் கையில வச்சா. அந்த மாதிரி நான் என்னிக்கும் சாப்பிட்டதில்லை."

சார் காய்ந்துபோன இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அதெல்லாம் வராது டீச்சர்" என்றார். "ஆனா, கிளாஸ் விஷயத்துல எனக்குக் கவலையே இல்லை. என் கிளாஸ்ல ஒரு பிள்ளைகூட எந்திரிச்சுச் சந்தேகம்னு கேட்டது கிடையாது. அவ்வளவு தெளிவா நடத்துவேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைகூடவா சார்?"

"ஒரு பிள்ளைகூட."

பெருமையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான், அத்தனை பிள்ளைகளும் புரியாமலே தலையாட்டியிருக்குமோ என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முகம் விழுந்துவிட்டது. ஐயோ, கேட்டிருக்க வேண்டாமே டீச்சர் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. சார் இலையை மெதுவாக மடித்தார்.

"லாவோஸையே சொல்லிடுறேன்" என்றார் கடைசியில். "ஆனா பயமா இருக்கு டீச்சர். பெத்த மககிட்டயே ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கினதில்லை நான். முன்னே பின்னே தெரியாத வீட்டுல போய்க் கையை நீட்டினா எல்லாரும் சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டுமே சார்" என்றார் டீச்சர். "வாத்தியாரே கேட்கிறதை வாசல்ல நின்னு பார்த்த பிள்ளைங்கதானே காலையில உங்க கிளாஸ்ல எந்திரிச்சுச் சந்தேகம் கேட்கப்போகுதுங்க."